யூகிக்காத போர்டு

என் கணவரின் குரல் இந்த மாதக் கடைசியோடு நின்றுவிடும் என்று செய்தி வந்தபோது, பால் பொங்குவதற்கு முன் கூவி எச்சரிக்கும் ஒரு கருவிக்கு நான் சால்டரிங் வைத்துக்கொண்டிருந்தேன். செய்தி ரொம்ப மரியாதையாக இருந்தது. ‘தேன்குரல் சேவை இம்மாத இறுதியுடன் நிறைவடைகிறது. இதுவரை எங்களோடு பேசியதற்கு நன்றி.’ எங்களோடு பேசினாராம். அவர் பேசியது என்னோடு. படித்து முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது.

என் பெயர் கோகிலவாணி. பிறந்தது மாயவரம். வாழ்க்கைப்பட்டு கோயம்புத்தூர் சிங்காநல்லூருக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். என் வயதுக்காரிகள் ஓய்வுக்குப் பிறகு கோயில் குளம் என்று போகிறார்கள், நான் எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போகிறேன். மலிவாகக் கிடைக்கும் குட்டி கம்ப்யூட்டர் போர்டுகளை வாங்கி, தொட்டி நிரம்பினால் சத்தம் போட வைப்பேன், செடி வாடினால் போனுக்குச் சேதி அனுப்ப வைப்பேன். செய்ததில் பாதி வேலை செய்யும். மீதிப் பாதி அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது. விருந்தாளிகளுக்கு நான் அதைக் காட்டுவதில்லை.

அவர் பெயர் மகுடேஸ்வரன். நூல் மில்லில் சூப்பர்வைசராக இருந்தவர். மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிப் பழகியவர், வீட்டுக்கு வந்தாலும் சத்தம் இறங்காது. பேச்சும் கம்மி. ‘சாவி.’ ‘துண்டு.’ ஏதாவது கெட்டுப்போனால் ‘போச்சாது’. பரவாயில்லை என்பதற்குக் கோவைக்காரர்கள் சொல்வது. இவ்வளவுதான் ஒரு நாளைக்கு எனக்குக் கிடைக்கும் பேச்சு.

நாலு வருஷத்துக்கு முன் தொண்டையில் கட்டி வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியதே பெரிது என்று நான் நினைத்தேன். அவர் அப்படி நினைத்த மாதிரி தெரியவில்லை. பல மாதம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டுக்குத் தேன்குரல் வந்தது.

கழுத்தில் கட்டிக்கொள்ளும் ஒரு பட்டை அது. அவர் பேச முயலும்போது தொண்டையிலும் தாடையிலும் அசையும் தசைகளை அது கவனிக்கும். கவனித்ததை இண்டர்நெட் வழியாக எங்கேயோ இருக்கும் கம்பெனி சர்வருக்கு அனுப்பும். சர்வர் அதை வாக்கியமாக்கி, பட்டையில் இருக்கும் ஸ்பீக்கர் வழியாக அவருடைய பழைய குரலிலேயே பேசும். பழைய குரலை எங்கள் கல்யாண வீடியோவிலிருந்து எடுத்தார்கள்.

பட்டை கட்டிய முதல் நாள் காபி கொடுத்தேன். “ரொம்ப நல்லா இருக்கு கோகிலா, நன்றி” என்றார். தம்ளரைக் கீழே போடாமல் பிடித்துக்கொண்டது என் சாமர்த்தியம். அந்த வீட்டில் அதுவரை யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. பேச்சில் கோவை வாடையே இல்லாமல் டிவியில் செய்தி வாசிக்கிறவர் போலப் பேசினார். எனக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்வானேன், ரொம்பவே பிடித்திருந்தது. சாவைக் கிட்டத்தில் பார்த்தது மனுஷனை மாற்றிவிட்டது என்று அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக்கொண்டேன்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று நடந்தது. எங்கள் ஒரே மகள் நறுமுகை மார்த்தாண்டத்துக்காரரான ஆன்றோவைத் தானாகப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டவள். சாதியும் வேறு, மதமும் வேறு. ‘இனி என் மூஞ்சியில முழிக்காதே’ என்று இவர் அன்றைக்கே கதவைச் சாத்திவிட்டார். பட்டை வந்த பிறகு ஒரு நாள், துணிந்து அவளுக்குப் போன் போட்டு இவர் காதில் வைத்தேன். “நான் அன்று பேசியது தப்பு கண்ணு. நீ சந்தோஷமா இருந்தா எனக்கு அது போதும்” என்றது இவர் குரல். அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் வாசலில் வந்து நின்றாள். அதிலிருந்து வாரா வாரம் வருகிறாள். ஆன்றோ மட்டும் அவளைத் தெருமுனையில் இறக்கிவிட்டு, டீக்கடையிலேயே காத்திருந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார். எத்தனை முறை கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

இப்போது அந்தக் குரல் நிற்கப்போகிறது. கூடவே இந்த ஞாயிற்றுக்கிழமைகளும் நின்றுவிடுமோ என்று பயந்தேன். வேறு கம்பெனிக்கு மாறலாம்தான், ஆனால் அவர்கள் கேட்கும் சந்தா எங்கள் இரண்டு பேர் பென்ஷனையும் விழுங்கிவிடும். செய்தியை அவரிடம் காட்டினேன். “நிறுவனங்கள் வரும், போகும். நாம் தைரியமாக இருப்போம்” என்றது குரல். அவரோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் டவுன் பஸ் ஏறிக் காந்திபுரம் போனேன். பெலிக்ஸின் கடை ஒரு மாடிப்படியின் அடியில் இருக்கிறது. எனக்கு எல்லா போர்டும் அவனிடம்தான்.

“வாங்க்கா. என்ன, தொட்டி மறுபடியும் வழியுதுங்களா?”

“இந்தத் தடவை தொட்டி இல்ல பெலிக்ஸ். மனுஷன்.”

விஷயத்தைச் சொன்னேன். கேலியை நிறுத்திவிட்டு, கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். மலிவான போர்டு வாங்குவது கத்திரிக்காய் வாங்குவது மாதிரிதான், பளபளப்பைப் பார்த்து எடுத்தால் உள்ளே சொத்தை இருக்கும். நான் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

“இந்தப் பச்சை எப்படி? விலை ரொம்பக் குறைச்சலா இருக்கே?”

“வேண்டாங்க்கா. அது வைஃபை இருந்தாத்தான் வாயைத் திறக்கும். வெளிய தெருவுக்குப் போனா ஊமை.” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். “இந்தக் கறுப்பைப் பாருங்க. ரேடியோ இதுக்குள்ளயே இருக்கு. ரெண்டு வாங்கினீங்கன்னா ஒண்ணோட ஒண்ணு நேரா பேசிக்கும். நடுவுல இண்டர்நெட்டும் கிடையாது, சர்வரும் கிடையாது. எவனும் கடையை மூடிட்டுப் போயிட முடியாது. கழுத்துல ஒண்ணு ஒட்டிக்கலாம், ஸ்பீக்கரோட சட்டைப் பையில ஒண்ணு.”

“குறை என்ன?”

“மெமரி கம்மி. ஒரு அம்பது வார்த்தை கத்துக்கும். மாமா வாயசைச்சா, அது எந்த வார்த்தைன்னு பார்த்து, நீங்க பதிஞ்சு வெச்ச குரலை அப்படியே திருப்பிப் போடும். அதுக்கு மேல அதுக்கு ஒண்ணும் தெரியாது.”

“அம்பது வார்த்தையை வெச்சுக்கிட்டு என்ன குடித்தனம் பண்றது? அந்த ஊதா என்ன?”

“அது யூகிக்கிற போர்டுங்க்கா. உங்க சர்வர் பண்றதைச் சின்னதா இதுவே பண்ணும். முழு வாக்கியமாப் பேசும். விலை கொஞ்சம்தான் கூட.”

“அப்ப இதைக் குடுத்துட்டுப் போயேன். எதுக்கு இவ்வளவு நேரம் கறுப்பை நீட்டிக்கிட்டு இருந்தே?”

பெலிக்ஸ் தயங்கினான். “யூகிக்கிறதுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமில்லீங்க்கா?”

“என்ன?”

“மாமா தொண்டை அசைஞ்சா அதுல ஒரு வார்த்தை கிடைக்கும். சில சமயம் அதுவும் கிடைக்காது. மிச்சத்தை சர்வர்தான் போட்டு நிரப்புது. இந்த இடத்துல ஒரு நல்ல மனுஷன் என்ன சொல்லுவான்னு பார்த்து, அதைச் சொல்லிடும். பட்டையால வீட்டுல சண்டை வந்தா கழட்டி எறிஞ்சிருவாங்கல்ல? அதனால எப்பவும் இனிப்பாவே பேசும். நீங்க கேட்டதுல பாதிக்கு மேல மாமா சொன்னதா இருக்காது.”

ஒரு நல்ல மனுஷன் என்ன சொல்லுவான் என்று பார்த்துச் சொல்லுமாம். அப்படியென்றால் இத்தனை நாள் நான் யாரோடு குடித்தனம் நடத்தினேன்? மகளிடம் தப்பை ஒத்துக்கொண்டது யார்? பெலிக்ஸிடம் கறுப்பில் மூன்றும் ஊதாவில் ஒன்றும் வாங்கிக்கொண்டு, எந்த பஸ்ஸில் ஏறுகிறோம் என்று பார்க்காமல் ஏறி, உக்கடம் போய்ச் சேர்ந்து திரும்பி வந்தேன்.

வீட்டில் கறுப்பை முதலில் சோதித்துப் பார்த்தேன். தேன்குரல் பட்டைக்குக் கீழே அவர் கழுத்தில் ஒரு போர்டை பிளாஸ்திரி போட்டு ஒட்டினேன். சட்டைப் பையில் ஸ்பீக்கரோடு இன்னொன்று, குரல் இன்னும் பதியாததால் அது பேசாது. மூன்றாவதற்கு ஒரு சின்னத் திரை பொருத்தி சமையலறை மேடையில் வைத்தேன், ரேடியோ எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று பார்க்க. சோதனைக்குச் சில வார்த்தைகளைக் கற்றுக்கொடுத்தோம். தண்ணி, துணி, சக்கரை, போதும், வலி. சாமி விளக்கு ஏற்றியாச்சா என்று கேட்பாரே என்று ‘சாமி’யையும் சேர்த்தேன். ஒவ்வொன்றையும் அவர் திரும்பத் திரும்ப வாயசைத்துக் காட்டினார். புதுப் போர்டுக்குப் பாடம் நடக்கிறது என்பது அவருக்குத் தெரியும். பாடம் முடிந்த பிறகும் அதை நான் அணைக்க மறந்துவிட்டேன் என்பது தெரியாது.

மறுநாள் காலையில் காபி கொடுத்துவிட்டு உள்ளே வந்தேன். கூடத்திலிருந்து குரல் வந்தது. “காபி அருமை. நன்றி கோகிலா.”

சமையலறைத் திரையில் ஒரே ஒரு வார்த்தை இருந்தது. சக்கரை.

ஓடிப்போய் அவர் தம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். கசந்தது. சர்க்கரை போடவே மறந்திருக்கிறேன். சிரித்துவிட்டேன். உள்ளே திரும்பியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

அதன் பிறகு நான் போர்டை வேண்டுமென்றே அணைக்கவில்லை. “மழை வரும் போலிருக்கிறது, துணியை நான் எடுத்து வைக்கட்டுமா?” என்று குரல் கேட்டது. திரையில் ‘துணி’ என்று மட்டும் இருந்தது, அதுவும் எனக்கு இட்ட உத்தரவு. எதிர்வீட்டு ராமானுஜம் வந்து தன் முழங்கால் வலியைப் பற்றி விலாவாரியாகச் சொன்னார். “உங்களோடு பேசுவது எப்போதும் மகிழ்ச்சி” என்றது குரல். திரையில் போதும், போதும், போதும். பழைய மகுடேஸ்வரன் எங்கேயும் போய்விடவில்லை, உள்ளேயே உட்கார்ந்து எரிச்சல்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அவரைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. மேசை இழுப்பறையில் இருந்த ஊதா போர்டை அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொண்டேன். அதைப் பொருத்திவிட்டால் எதுவும் மாறாது. எனக்கு அந்த இனிப்பான மனுஷன் வேண்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நறுமுகை செருப்பைக் கழற்றும்போதே குரல் வரவேற்றது. “வா கண்ணு. பயணம் சௌகரியமாக இருந்ததா? மாப்பிள்ளை வரவில்லையா? அடுத்த முறை கட்டாயம் அழைத்து வா.”

நான் சமையலறையில் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சாமி.

அவள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சாமி. புது வேலையைப் பற்றி ஏதோ சொன்னாள். “மிக்க மகிழ்ச்சி கண்ணு” என்றது குரல். சாமி. சாமி.

அவர் எப்போது அப்படிச் சொல்வார் என்று எனக்குத் தெரியாதா? கரண்ட் பில் வந்தால் ‘சாமீ’. நேரம் காலம் தெரியாமல் விருந்தாளி வந்தால் ‘சாமீ’. என் தலையெழுத்தே என்று அதற்கு அர்த்தம். ஆக, பெற்ற பெண் வாசல் ஏறியதும் இந்த மனுஷன் மனசுக்குள் தலையில் அடித்துக்கொள்கிறார். இத்தனை ஞாயிறும் அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

“ஏம்மா கண்ணெல்லாம் செவந்திருக்கு?” நறுமுகை உள்ளே வந்தாள். “வெங்காயமா?”

“மோர்க்குழம்புக்கு எவ வெங்காயம் அரிவா?”

அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பெலிக்ஸ் சொன்னது, சர்க்கரை இல்லாத காபி, ராமானுஜத்தின் முழங்கால். கடைசியில், “நீ ஏமாந்துட்டே நறு. நானும்தான். அன்னிக்குப் போன்ல தப்புன்னு ஒத்துக்கிட்டது உங்கப்பா இல்ல, கம்பெனி” என்றேன்.

“தெரியும்மா.”

“என்ன தெரியும்?”

“‘நான் அன்று பேசியது தப்பு’ன்னு அப்பா சொல்லுவாராம்மா? அன்றாம், பேசியதாம். நம்ம வீட்டுல யாரு அப்படிப் பேசறா? கேட்ட உடனே தெரிஞ்சு போச்சு.”

“அப்புறம் எதுக்குடி வந்தே?”

அவள் மேடையில் சாய்ந்துகொண்டாள். “அது பேசி முடிச்சதுக்கப்புறம் நான் ரொம்ப நேரம் காதுல வெச்சுட்டே இருந்தேன், ஞாபகம் இருக்கா? அப்பா பட்டையைக் கழட்டி வீசுவாரு, உன் கையில இருந்து போனைப் புடுங்குவாருன்னு காத்துட்டு இருந்தேன். அவரு ஒண்ணும் பண்ணலை. அவருக்குச் சொல்ல வராததை வேற யாரோ சொன்னாங்க, அவரு அதைத் தடுக்கலை. எனக்கு அதுவே போதும்னு வந்துட்டேன்.”

அவள் திரும்பித் திரையைப் பார்த்தாள். “இதுதான் அந்த போர்டா? இது என்னம்மா போட்டிருக்கு?”

“அதைத்தான் சொல்ல வந்தேன். உன்னைப் பார்த்ததுலேர்ந்து சாமீ சாமீன்னு தலையில அடிச்சுக்கறார்.”

நறுமுகை திரையையே பார்த்தாள். மறுபடியும் அந்த வார்த்தை வந்தது.

“அம்மா, அது நான்.”

“என்ன நீ?”

“சாமி. அது நான்தாம்மா. நீ பேங்குக்கு முன்னாடியே பஸ் ஏறிருவே. அப்பாதான் என்னை வண்டியில ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போவாரு. கேட்டைத் தாண்டிட்டா அப்பா வேற ஆளும்மா. கெட்டியாப் புடிச்சுக்க சாமி. பரிட்சைக்குப் பயப்படாத சாமி. எறக்கி விடறப்போ, பார்த்துப் போ சாமி. வீட்டுக்குள்ள ஒரு நாளும் அப்படிக் கூப்பிட மாட்டாரு, வெக்கம். கல்யாணம் பண்ணிட்டுப் போனதுக்கப்புறம் நான் அதைக் கேக்கவே இல்லை.”

இந்த ஊரில் பிள்ளைகளைச் சாமி என்று கொஞ்சுவார்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பக்கத்து வீட்டில் நாள் முழுக்கக் கேட்கிறேன். இவர் வாயிலிருந்து அது வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சர்வருக்கும் அது பிடிபடவில்லை போலிருக்கிறது, தனக்குத் தெரிந்த ‘கண்ணு’வைப் போட்டு மூடிவிட்டது. கூடவே குடித்தனம் நடத்துகிற நானே தப்பாகப் படித்தபோது, எங்கேயோ இருக்கும் மெஷினைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது?

அவள் போர்டைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள். “அப்பா, கூப்பிட்டீங்களா?”

“இல்லை கண்ணு, நீ ஓய்வெடு” என்றது குரல்.

அவள் திரையை அவர் முகத்துக்கு நேரே காட்டினாள். அவர் படித்தார். என்னைப் பார்த்தார், சமையலறையைப் பார்த்தார், கழுத்துப் பிளாஸ்திரியைத் தொட்டுப் பார்த்தார். நான் ஒட்டுக்கேட்டது அவருக்குப் புரிந்துவிட்டது. திட்டு விழும் என்று நினைத்தேன். அவர் மகளின் தலையில் கையை வைத்து அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

நான் இழுப்பறையைத் திறந்து ஊதா போர்டை எடுத்து வந்து, கறுப்பையும் அதையும் அவர் முன்னால் வைத்தேன். இதை அவரிடம் கேட்க வேண்டும் என்று இத்தனை நாளும் எனக்குத் தோன்றாமல் போனதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

“இது முழுசாப் பேசும். நல்லா இனிப்பாப் பேசும். இந்தக் கறுப்பு நீங்க சொல்ற ஒரு வார்த்தையை மட்டும் சொல்லும். எது வேணும்?”

“உன் விருப்பமே என் விருப்ப—” என்று குரல் ஆரம்பித்தது. அவர் பட்டையைப் பிடுங்கி சோபாவில் எறிந்தார். கறுப்பை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனாலும் வேலையைத் தொடங்கிவிட்டேன். கறுப்பில் வார்த்தைகளைப் பதிய ஒரு குரல் வேண்டும். கல்யாண வீடியோவில் அவர் பேசியதைத் தேடினோம். ‘சாம்பார் வாளி எங்கடா?’ ‘லைட்டை நிறுத்துடா!’ இதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. இதை வைத்துத்தான் கம்பெனி அவரை அவ்வளவு இனிக்க இனிக்கப் பேச வைத்தது என்றால் கெட்டிக்காரக் கம்பெனிதான்.

“நான் பேசட்டுமாப்பா?” என்றாள் நறுமுகை. அவர் தலையை ஆட்டி மறுத்தார். பொம்பளைக் குரலில் பேசிக்கொண்டு டீக்கடைக்குப் போக முடியுமா என்பது அவர் கவலையாக இருக்கும்.

“வேற ஆம்பளைக் குரலுக்கு எங்க போறது?” என்றேன்.

நறுமுகை தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அவரு தெருமுனையிலதான் நிக்கறாரு.”

என் கணவர் போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் ஒரு முறை தலையசைத்தார்.

ஆன்றோ செருப்பை வாசலுக்கு வெளியே, ரொம்பத் தள்ளியே கழற்றிவிட்டு வந்தார். உட்காரச் சொன்னேன், நின்றார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு வியர்த்தது.

“நான் பேசினா சரி வருமா அத்தை? எனக்க பேச்சைக் கேட்டா இந்த ஊருல எல்லாரும் சிரிப்பாவளே.”

“இத்தனை நாள் இவர் செய்தி வாசிச்சார். இனி கொஞ்ச நாள் மார்த்தாண்டம் பேசட்டும்” என்றேன்.

ஆரம்பித்தோம். என் கணவர் வாயசைப்பார், நறுமுகை உதட்டைப் படித்துச் சொல்வாள், ஆன்றோ மைக்கில் பேசுவார், நான் பதிவேன். தண்ணி. வலி. சோறு. வேண்டாம். ‘போச்சாது’ ஆன்றோவின் நாக்கில் ஏறவே இல்லை. இவர் கையை ஆட்டி ஆட்டித் திரும்பச் சொல்ல வைத்தார். நாலாவது தடவை நறுமுகை சிரித்துவிட்டாள், ஆன்றோவும் சிரித்தார். ‘சாமி’யை ஆன்றோ மனைவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார், அதை இவர் திருத்தவில்லை. என்னை என்னவென்று கூப்பிடப்போகிறார் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ‘ஏ’ என்று வாயசைத்தார். முப்பது வருஷமாக என் பெயர் அதுதான். அத்தையைப் போய் எப்படி ஏ என்பது என்று ஆன்றோ தவித்துப்போனார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

சாயந்திரம் ஆவதற்குள் மெமரி நிரம்பிவிட்டது. “இன்னும் ஒண்ணுக்குத்தான் இடம் இருக்கு” என்றேன். “மாத்திரையை விட்டுட்டோம். அதைப் போட்டு முடிச்சுடலாம்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. மெதுவாக வாயசைத்தார்.

“மா... மாத்திரைதானேப்பா?” என்றாள் நறுமுகை.

“மாத்திரை” என்றார் ஆன்றோ மைக்கில்.

இவர் தலையை வேகமாக ஆட்டி மறுத்தார். மறுபடியும் வாயசைத்தார். இரண்டு உதடும் நடுவில் ஒரு தடவை ஒட்டிப் பிரிந்தன.

“மாம்பழமா? இருக்கற ஒரே இடத்தையும் அதுக்கா குடுக்கறது?” என்றேன்.

அவர் எரிச்சலோடு கையை நீட்டி ஆன்றோவைக் காட்டினார். அப்படிக் காட்டிக்கொண்டே மூன்றாவது தடவை வாயசைத்தார். நறுமுகை அந்த உதட்டையே பார்த்தாள்.

“உங்களைத்தான் சொல்றாரு” என்றாள் கணவனிடம். “மாப்பிள்ளை.”

சர்வர் வாரா வாரம் வாய் நிறையச் சொன்ன வார்த்தைதான் அது. இவர் உதடு அதைச் சொல்லி நான் பார்ப்பது அதுவே முதல் தடவை.

ஆன்றோ மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர்தானே சொல்ல வேண்டும், வேறு யார் சொல்வது? தன்னைத் தானே அந்த வீட்டுக்குள் கூப்பிட வேண்டியவரானார். வாயைத் திறந்தார், மூடினார். “மாப்... மாப்பிள்ளை” என்று சொல்லும்போது குரல் நடுவில் உடைந்துவிட்டது.

“சரியா விழலை. அழிச்சுட்டு இன்னொரு தரம் எடுத்துக்கலாம்” என்றேன் நான், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

என் கணவர் போர்டின் மேல் கையை வைத்து மறைத்தார். அழிக்க விடவில்லை. கழுத்தில் ஒன்றையும் சட்டைப் பையில் ஒன்றையும் தானே சரியாகப் பொருத்திக்கொண்டு, ஆன்றோவுக்கு நேராக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சட்டைப் பையிலிருந்து ஆன்றோவின் குரல் ஆன்றோவைக் கூப்பிட்டது. “மாப்... மாப்பிள்ளை.”

என் கணவர் இன்னொரு முறை வாயசைத்தார்.

“சோறு” என்றது பை.

நான் இலை எடுக்க உள்ளே ஓடினேன்.